மேசைக்கால் இன்னும் அறுக்கவில்லை

ராஸ் அல் கைமா
6-3-1977

அன்புள்ள ராணிக்கு, செல்வசிங் எழுதிக்கொண்டது. கர்த்தர் கிருபையில் நான் சுகம். நீயும் அன்னபாக்கியமும் சுகந்தானா? பல்வலி என்று எழுதியிருந்தாயே, இப்போது எப்படி? கிராம்பு வைத்துப் பார்.

ஒரு நல்ல செய்தி. நம் வீட்டுக்குப் பின்னால், கிணற்றுக்கு மேற்கே சும்மா கிடக்கிற இடத்தில் எனக்கென்று ஒரு பட்டறை கட்டுவதாக முடிவு செய்துவிட்டேன். ஐந்து வருஷமாக அடுத்தவன் சிமென்ட் பேக்டரியில் ஃபிட்டராக மாரடித்தது போதும். இனி நாசரேத்தில் பம்புசெட்டோ சைக்கிளோ தையல் மிஷினோ எது மக்கர் பண்ணினாலும் என் பட்டறைக்குத்தான் வரவேண்டும். பட்டறை முடிந்தால் நான் ஊருக்கு வந்துவிடுவேன். இது வாக்கு.

வரைபடம் இத்துடன் இருக்கிறது. பதினாறடிக்குப் பன்னிரண்டடி. கொத்தனாரிடம் கொடுத்து, ஓர் அங்குலம்கூட மாற்றக்கூடாது என்று கண்டிப்பாகச் சொல். ஜன்னல் மாஃபி. மாஃபி என்றால் இங்கே ‘இல்லை’ என்று அர்த்தம், கை பழக்கத்தில் எழுதிவிட்டது. ஜன்னல் வைத்தால் காற்றடிக்கும்போது மணல் புகுந்து கருவியெல்லாம் பாழாகிவிடும். சுவர் ஒன்றரை அடி கனம். கூரை கான்கிரீட், தட்டையாக, சரிவே இல்லாமல். கிழக்குச் சுவரில் ஏர்கூலர் வைக்க இரண்டடிச் சதுரத்தில் ஓர் ஓட்டை. ஏர்கூலர் எங்கே என்று இப்போதே கேட்காதே.

சுவரோரம் வேலை மேசை. வந்து போகிற ஆள் உட்கார ஒரே ஒரு ஸ்டூல். அவ்வளவுதான், ரொம்பச் சிக்கனம்.

உன் பல்லைக் கவனித்துக்கொள்.

அன்புடன்,
செல்வசிங்


நாசரேத்
30-3-1977

அன்புள்ள அத்தானுக்கு, ராணி எழுதுவது. கடிதம் கிடைத்தது. நானும் பிள்ளையும் சுகம், என் பல்லைத் தவிர. கிராம்பு வைத்து வைத்து இப்போது வாயே பிரியாணிச் சட்டி மாதிரி மணக்கிறது, வலி மட்டும் அப்படியே இருக்கிறது. உங்கள் முழங்கால் எப்படி? அதைப் பற்றி நீங்கள் எழுதுவதே இல்லை.

வரைபடத்தை வைரவன் கொத்தனாரிடம் காட்டினேன். இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்துவிட்டு, “ஏ யம்மா, இது பட்டறையா கல்லறையா? உள்ள இருக்கப்போறது உசுரோட உள்ள ஆள்தானே?” என்று கேட்டார். நான் கோபப்பட்டேன். பிறகு அவர் இன்னொரு கேள்வி கேட்டார். அதை இப்போது எழுதவில்லை.

அத்தான், ஒன்று மட்டும் சொல்கிறேன். உங்கள் அக்ரிமெண்ட் வருகிற ஜனவரியோடு முடிகிறது. இதற்கு முன் இரண்டு தடவை ‘இதுதான் கடைசி’ என்று சொல்லிவிட்டுக் கையெழுத்துப் போட்டீர்கள். இந்தத் தடவை பட்டறையை நான் முடித்துத் தருகிறேன், நீங்கள் கையெழுத்துப் போடக்கூடாது. உங்கள் வாக்குக்கு என் வாக்கு.

மேசை என்ன உயரம்? படத்தில் போடவில்லை. ஆசாரி கேட்கிறார்.

உங்கள் சுகத்துக்கு ஜெபிக்கும்,
ராணி


ராஸ் அல் கைமா
2-5-1977

அன்புள்ள ராணி, நலம். முழங்கால் முழங்காலாகவே இருக்கிறது. உன் பல்வலி குறைந்ததா?

கொத்தனார் ஜன்னல் பேச்சை எடுத்தால் காதில் வாங்காதே. மனுஷன் தூத்துக்குடியைத் தாண்டியிருக்க மாட்டார், மணல்காற்றைப் பற்றி அவருக்கு என்ன தெரியும்?

சின்னச் சின்ன மாறுதல் இருக்கிறது. ஸ்டூல் ஆறு வேண்டும். இங்கே வெல்டர் ஷம்சாத் என்று லாகூர்க்காரன் ஒருவன் இருக்கிறான், தங்கமான மனுஷன். படத்தைப் பார்த்துவிட்டு, “சிங் பாய், நாலு பேர் உட்கார இடமில்லாத பட்டறை என்ன பட்டறை?” என்றான். நியாயந்தானே? ஸ்டோர்கீப்பர் கோபாலசாமி, கோவில்பட்டிக்காரர், ரேடியோவுக்குத் தலை உயரத்தில் ஒரு பலகை கேட்கிறார். டீ போட ஸ்டவ் வைக்க வடகிழக்கு மூலையில் ஒரு திட்டு. இதெல்லாம் இல்லாமல் வேலை எப்படி ஓடும்?

மேசை உயரம் கேட்டாய். அதற்கு அடி, அங்குலம் கிடையாது. வேலை செய்கிறவன் நிமிர்ந்து நின்று கையைத் தொங்கவிட்டால் மணிக்கட்டு எங்கே வருகிறதோ, அதுதான் உயரம். ஓர் அங்குலம் தாழ்ந்தால் இடுப்பு போய்விடும், உயர்ந்தால் தோள் போய்விடும். ஆசாரியிடம் இதை மட்டும் சொல், புரிந்துகொள்வார்.

அன்புடன்,
செல்வசிங்


நாசரேத்
25-5-1977

அன்புள்ள அத்தானுக்கு, இங்கு சுகம், அங்கு சுகமா?

ஆசாரிக்குப் புரிந்தது. எனக்குத்தான் புரியவில்லை. யார் மணிக்கட்டு? ‘ஆளு இல்லேன்னா என் மணிக்கட்டுக்கே அறுத்துரட்டா?’ என்கிறார். அவர் என் தோளுக்குத்தான் வருவார். உங்கள் அளவை எழுதுங்கள்.

ஆறு ஸ்டூலில் யார் உட்காரப் போகிறார்கள் என்று நினைத்து நினைத்துப் பார்க்கிறேன். லாகூரிலிருந்து நாசரேத்துக்கு பஸ் விட்டிருக்கிறார்களா?

அஸ்திவாரம் போட்டாயிற்று. எல்லாம் நீங்கள் சொன்னபடியே நடக்கிறது. நீங்கள் ஒன்றுக்கும் கவலைப்பட வேண்டாம். எல்லாம் நீங்கள் சொன்னபடியேதான்.

ராணி


ராஸ் அல் கைமா
10-7-1977

அன்புள்ள ராணிக்கு, நலம், ஆனால் வெயில் தாங்கவில்லை. ஸ்பானரைக் கையில் எடுத்தால் தோசைக்கல்லைத் தொட்ட மாதிரி இருக்கிறது. மத்தியானம் ட்யூட்டி கிடையாது, எல்லோரும் கேம்ப்பில்தான். உன் பல் எப்படி இருக்கிறது?

நீ ஒரே கடிதத்தில் ‘சொன்னபடியே’ என்று இரண்டு தடவை எழுதியிருந்தாய். ஒரு தடவை எழுதினால் நம்புவேன். இரண்டு தடவை எழுதினால் எனக்குத் திக்கென்றிருக்கிறது. ஜன்னல் வைக்கவில்லையே?

தென்மேற்கு மூலையில் ஒரு கயிற்றுக் கட்டில் போடுகிற இடம் விடச்சொல். ஷம்சாத் சொல்கிறான், சாப்பிட்ட பிறகு ஒரு அரை மணி நேரம் சாய்ந்தால்தான் கை நடுங்காமல் வெல்டிங் வரும் என்று. அவன் அங்கே வந்து வெல்டிங் வைக்கப் போவதில்லை, எனக்கும் தெரியும். ஆனாலும் இடம் இருக்கட்டும்.

அடுத்த மாதம் கோபாலசாமி லீவில் வருகிறார். வேலை மேசையில் பொருத்தி இரும்பைக் கவ்விப் பிடிக்கிற வைஸ் ஒன்றைக் கொடுத்து அனுப்புகிறேன், ஜெர்மன் சாமான், வேறு யாரையும் தொடவிடாதே. நம் வீட்டுக்கே கொண்டுவந்து தருவார். நல்லா சாப்பாடு போடு.

அக்ரிமெண்ட் விஷயம். கேம்ப் மேனேஜர் ஈசா கேட்டார். பார்க்கலாம் என்றேன். பயப்படாதே, பார்க்கலாம் என்பது மாட்டேன் என்று சொல்வதற்கு முந்தின படிதான்.

என் அளவை எழுதலாம் என்று பார்த்தால் ஏரோகிராமில் இடம் முடிந்துவி


நாசரேத்
28-8-1977

அன்புள்ள அத்தானுக்கு, இங்கு எல்லோரும் சுகம். பல்லைப் பிடுங்கி இரண்டரை மாதமாகிறது. பிடுங்கிய பல்லை நீங்கள் விசாரித்துக்கொண்டே இருக்கிறீர்கள், அதற்கும் சேர்த்து நன்றி.

கோபாலசாமி அண்ணன் வந்துவிட்டுப் போனார்கள். வைஸைத் தோளில் சுமந்துகொண்டு ரயிலடியிலிருந்து நடந்தே வந்தார்கள். ‘சிங் அண்ணன் இதக் கீழ வைக்கக்கூடாதுன்னுட்டாவ’ என்றார்கள். பாவம், ஒரு பக்கமாகவே சாய்ந்து நின்றார்கள். காப்பிகூடக் குடிக்காமல் பட்டறையைப் பார்க்கவேண்டும் என்றார்கள். காட்டினேன்.

அத்தான், அந்த மனுஷன் வாசலில் நுழைந்ததும் தலையைக் குனிந்தார். எதற்கு என்று கேட்டேன். ‘ரேடியோப் பலகை இடிக்கும்லா’ என்றார். பலகை இன்னும் அடிக்கவே இல்லை. அப்புறம் நேராக நாலு எட்டு வைத்து, வலது பக்கம் திரும்பி, வைஸ் வரவேண்டிய இடத்தில் போய் நின்றுகொண்டு, ‘இதுதான் என் இடம், அந்த மூல ஷம்சாத்துக்கு’ என்றார். மேசையும் இல்லை, கட்டிலும் இல்லை. வெறும் தரை. நான் பயந்தே போனேன், வெயிலில் மூளை ஏதும் கலங்கிவிட்டதோ என்று.

அப்புறம்தான் சொன்னார். கேம்ப்புக்குப் பின்னால் மணலில், என் பட்டறையை அப்படியே முழு அளவில் கோடு போட்டு வைத்திருக்கிறீர்களாமே? சாயங்காலமானால் எட்டுப் பேர் அதற்குள்தான் உட்கார்ந்திருக்கிறீர்களாமே? டீ போடுகிறீர்களாமே? வாசல் என்று போட்ட இடம் வழியாக வராமல் கோட்டைத் தாண்டினால் சண்டை பிடிக்கிறீர்களாமே? இதில் ஒரு வரிகூட எனக்கு எழுதவில்லையே.

இங்கே நான் செங்கலோடு மல்லுக்கட்டுகிறேன். நீங்கள் அங்கே கிரகப்பிரவேசமே நடத்திவிட்டீர்கள்.

நான் சிரித்தேன், உண்மைதான். அவர் போன பிறகு சிரிப்பு வரவில்லை. உங்களுக்குப் பட்டறை அங்கேயே கிடைத்துவிட்டது. இனி இங்கே எதற்கு வருவீர்கள்?

ராணி


ராஸ் அல் கைமா
20-9-1977

அன்புள்ள ராணிக்கு, நான் சுகம். பல் போன இடம் ஆறிவிட்டதா? இந்தத் தடவை சரியாகக் கேட்டிருக்கிறேன்.

கோபாலசாமி வாயில் ஒன்றும் தங்காது. கோடு போட்டது நிஜம். காகிதத்தில் பார்த்தால் வைஸில் வேலை செய்யும்போது முழங்கை சுவரில் இடிக்குமா இடிக்காதா என்று தெரியவில்லை. ஒரு வெள்ளிக்கிழமை, பேக்டரியில் கூட்டி அள்ளிய சிமென்ட் தூளை எடுத்துவந்து மணலில் கோடு போட்டுப் பார்த்தேன். இடித்தது. மேசையை ஓர் அடி நகர்த்தினேன். அவ்வளவுதான் நான் செய்தது. பிறகு ஷம்சாத் வந்து மூலையில் உட்கார்ந்தான். கோபாலசாமி ரேடியோவைக் கொண்டுவந்தார். உட்காராதே என்று எப்படிச் சொல்வது?

சண்டையும் நிஜந்தான். சுவர் வழியாக மனுஷன் வருவானா? போன வாரம் ஈசாவே வந்தார். என்ன கூட்டம் என்று பார்க்க நேராக மேற்குச் சுவரைத் தாண்டிக் கால் வைத்தார். நான் என்னை மறந்து, “சாப், தர்வாஜா உதர் ஹை” என்று வாசல் பக்கம் கை காட்டிவிட்டேன். அவர் என்னைப் பார்த்தார், கோட்டைப் பார்த்தார். காலை எடுத்துக்கொண்டு சுற்றி நடந்து வாசல் வழியாக வந்து, ஸ்டூல் போட்டிருக்கவேண்டிய இடத்தில் குந்தி உட்கார்ந்து டீ குடித்தார்.

நீ கேட்டதற்குப் பதில் எழுதுகிறேன். எனக்குப் பயம், ராணி. இங்கே மிஷின் நின்றால் ‘சிங் எங்கே’ என்று தேடுகிறார்கள். அங்கே லீவில் வந்தால் செண்டு கேட்கிறார்கள், டேப் ரிக்கார்டர் கேட்கிறார்கள். ஒருவனாவது பழுதான பம்பைக் கொண்டுவந்தானா? அத்தனை சாமானோடு பட்டறையைத் திறந்து வைத்து, ஈ ஓட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தால் நான் என்ன செய்வேன்? அதனால்தான் இன்னொரு ஸ்டூல், இன்னொரு பலகை என்று எழுதிக்கொண்டே இருக்கிறேன். படம் முடியாதவரைக்கும் வந்து நிற்கவேண்டியதில்லை பார்.

இதை யாரிடமும் காட்டாதே.

உன்
செல்வசிங்


ராஸ் அல் கைமா
6-11-1977

அன்புள்ள ராணிக்கு, சுகமா? அன்னபாக்கியம் சுகமா? உன் கடிதம் வந்து இரண்டு மாதமாகிறது. மெயில் வருகிற நாளெல்லாம் ஆபீஸ் வாசலில் போய் நிற்கிறேன். ஈசா, “மாஃபி, சிங்” என்று தூரத்திலேயே கையை விரிக்கிறார்.

கோபாலசாமி லீவு முடிந்து வந்துவிட்டார். பட்டறை எப்படி இருக்கிறது என்று கேட்டால் ‘நல்லாருக்கு’ என்கிறார். கூரை எப்படி என்றால் முகம் கழுவப் போய்விடுகிறார். ஒரு நாளைக்கு நாலு தடவை முகம் கழுவுகிற மனுஷன் இல்லை அவர்.

ஈசா என்னைக் கூப்பிட்டுப் பேசினார். கையெழுத்துப் போட்டால் ஃபோர்மேன் வேலையாம். டிசம்பர் பத்துக்குள் சொல்லவேண்டும். தாள் என் பெட்டியில் இருக்கிறது. ஒரே ஒரு அக்ரிமெண்ட், அதுவும் ஃபோர்மேனாக. நீ என்ன சொல்கிறாய்? திட்டியாவது எழுது.

செல்வசிங்


நாசரேத்
25-11-1977

அன்புள்ள அத்தானுக்கு, நாங்கள் உயிரோடு சுகமாக இருக்கிறோம். முதலில் கோபத்தில் எழுதவில்லை. உங்கள் செப்டம்பர்க் கடிதத்தைப் படித்த பிறகு கோபம் போய்விட்டது, ஆனால் என்ன எழுதுவதென்று தெரியவில்லை. அப்புறம் மழை பிடித்துக்கொண்டது. பத்து நாள் அடைமழை. ரோடு அறுத்துக்கொண்டு போய், தபாலும் இல்லை, பஸ்ஸும் இல்லை.

வைரவன் கொத்தனார் மார்ச்சில் கேட்ட கேள்வியை இப்போது எழுதுகிறேன். “அய்யா படத்துல எல்லாம் இருக்கு, மழத்தண்ணி எங்கன போகும்னு மட்டும் இல்லியே?” என்றார். நான் படத்தை வாங்கிப் பார்த்தேன். மணலுக்கு வழி அடைத்திருந்தீர்கள், வெயிலுக்குச் சுவர் வைத்திருந்தீர்கள். மழைக்கு ஒன்றுமே இல்லை. லீவுக்கு நீங்கள் வந்ததெல்லாம் மாசி, பங்குனியில். நம்மூர் ஐப்பசியைப் பார்த்து ஆறு வருஷமாகிறது உங்களுக்கு.

அன்றைக்கு நான் அழுதேன். மழையையே மறந்துவிட்ட மனுஷன் நம்மையும் கொஞ்சம் கொஞ்சமாக மறந்துவிடுவாரோ என்று இருந்தது. அதை எழுதக் கை வரவில்லை. ‘எல்லாம் நீங்கள் சொன்னபடியே’ என்று எழுதிவிட்டு, எதையுமே நீங்கள் சொன்னபடி கட்டவில்லை. கூரை நல்ல சரிவோடு ஓடு போட்டது. ஜன்னல் மூன்று. கோபாலசாமி அண்ணனிடம் சொல்லக்கூடாது என்று சத்தியம் வாங்கியிருந்தேன், அதனால் அவர்களைத் திட்டாதீர்கள். முகம் கழுவட்டும்.

உங்கள் ஏர்கூலர் ஓட்டை மட்டும் இருக்கிறது. அதில் பூனை குட்டி போட்டிருக்கிறது.

இந்த மழையில் தெருவில் ஐந்து வீட்டில் ஒழுகியது. எல்லோரும் உங்கள் பட்டறையில்தான் இருந்தார்கள். ஆறு ஸ்டூல் பற்றவில்லை. ஷம்சாத் மூலையில் கட்டில் போட்டு ஆசாரியின் அம்மா படுத்திருந்தார்கள். மழையில் மூழ்கிப் பழுதான மூன்று பம்பு இப்போது உங்கள் மேசைக்கடியில் கிடக்கிறது. ‘அண்ணன் வந்து பாக்கட்டும்’ என்று சொல்லிப் போட்டுவிட்டுப் போனார்கள். ஒருவராவது செண்டைப் பற்றிக் கேட்கவில்லை.

மேசை மட்டும் முடியவில்லை. கால்களை நீளமாகவே விட்டு வைத்திருக்கிறேன். உங்கள் மணிக்கட்டு எங்கே வரும் என்று ஆசாரி கேட்டபோது, கையை இங்கே வைத்துப் பார்த்தேன், அங்கே வைத்துப் பார்த்தேன். எனக்குத் தெரியவில்லை, அத்தான். என் புருஷனின் கை எவ்வளவு உயரத்தில் தொங்கும் என்று எனக்கு ஞாபகம் இல்லை. ஆசாரி முகத்தைப் பார்க்க எனக்கு வெட்கமாகிவிட்டது.

இனி அளவு எழுதி அனுப்பவேண்டாம். எழுதி வருகிற அளவுக்கு நான் அறுக்க மாட்டேன். நீங்கள் வந்து நில்லுங்கள். அல்லது ஃபோர்மேனாகவே இருங்கள். மேசை அப்படியே நெஞ்சு உயரத்தில் நிற்கட்டும்.

ராணி


ராஸ் அல் கைமா
12-12-1977

அன்புள்ள ராணிக்கு, நான் சுகம். முழங்கால் வலிக்கிறது, ஐந்து வருஷமாகவே வலிக்கிறது. கேட்டுக்கொண்டே இருந்தாயே, அதற்காக.

உன் கடிதம் ஏழாம் தேதி வந்தது. மூன்று ஜன்னல் என்று படித்ததும் கோபாலசாமியைத் தேடினேன். மனுஷன் சோப்போடு ஓடிவிட்டார். மழையைப் பற்றி எழுதியிருந்ததையும் படித்தேன். எப்படி மறந்தேன் என்று எனக்கே தெரியவில்லை. சின்ன வயதில் அந்தத் தண்ணீரில் நீந்தியவன் நான். எனக்கு வெட்கமாயிருக்கிறது, ராணி. உன்னையோ பிள்ளையையோ ஒரு நாளும் மறக்கவில்லை. அதை மட்டும் நம்பு.

மறுநாள் வேடிக்கையைக் கேள். இங்கேயே மழை கொட்டியது! பட்டறையில் எட்டுப் பேரும் டீயோடு இருந்தோம். நாலு துளி விழுந்ததும் எல்லோரும் எழுந்து ஓடினார்கள். அந்த அவசரத்திலும் ஒருவனும் கோட்டைத் தாண்டவில்லை, வரிசையாக வாசல் வழியாகவே ஓடினார்கள். ஷம்சாத் கடைசியாக வெளியே போய், தொப்பலாக நனைந்துகொண்டு, “சிங் பாய், சத் கிதர் ஹை? கூரை எங்கே?” என்று மேலே கையைக் காட்டிச் சிரித்தான்.

காலையில் போய்ப் பார்த்தால் கோடு கரையவில்லை. சிமென்ட் தூளாயிற்றே, மழைத்தண்ணீரில் இறுகிக் கல்லாகிவிட்டது. மண்வெட்டியால் தட்டினேன், அசையவில்லை. ஈசா வந்து பார்த்துவிட்டு, பர்மிஷன் இல்லாமல் கேம்ப்பில் கட்டடம் கட்டிவிட்டேன் என்று சத்தம் போட்டார். வாசலில் நின்றுகொண்டுதான் போட்டார்.

அங்கேயே தாளை அவர் கையில் கொடுத்தேன். கையெழுத்து இல்லாமல். “கலாஸ், சாப், முடிந்துவிட்டது” என்றேன். மேசை மேல் மூன்று பம்பு காத்திருக்கிறது என்று சொன்னேன். மேசைக்கடியில் என்று அப்புறம்தான் ஞாபகம் வந்தது, ஆனால் சொன்னபோது கெத்தாக இருந்தது. இந்தப் பட்டறை இனி யாரும் கலைக்க முடியாதபடி நிற்கிறது, ஷம்சாத் பார்த்துக்கொள்வான். பிப்ரவரி இரண்டாம் தேதி துபாயிலிருந்து பம்பாய், அங்கிருந்து ரயில்.

நேற்று ஷம்சாத் டேப்பை எடுத்துக்கொண்டு வந்து என்னை நிமிர்ந்து நிற்கச் சொன்னான். மணிக்கட்டு உயரத்தை அளந்து ஒரு சீட்டில் எழுதி, ‘பாபிக்கு அனுப்பு’ என்று கொடுத்தான், பாபி என்றால் அண்ணி. வாங்கிப் பையில் போட்டேன். அனுப்பவில்லை.

உன்
செல்வசிங்


நாசரேத்
30-12-1977

அன்புள்ள அத்தானுக்கு, இங்கு எல்லோரும் சுகம். முழங்காலுக்கு எண்ணெய் காய்ச்சி வைத்திருக்கிறேன்.

பம்பு ஐந்தாகிவிட்டது. பூனைக்குட்டிகள் கண் திறந்துவிட்டன, கூலர் வாங்கி வராதீர்கள். ஆசாரி ரம்பத்துக்குப் பல் வைத்துத் தயாராக இருக்கிறார்.

முற்றத்தில் நின்றுகொண்டு கூப்பிடாதீர்கள். நான் பட்டறைக்குள்தான் இருப்பேன். வாசல் கிழக்குப் பக்கம். சுற்றி, அந்த வழியாகவே வாருங்கள்.

ராணி